கிளவுட் கணக்கும் அமானிதமே
(அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி மாணவர்கள், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கிளவுட் என்பது வேறொரு நிறுவனத்தின் கட்டடத்தில் ஓடும் கணினியை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பதுதான். அமேசான் இதை 2006இல் தொடங்கியது. இன்று மும்பையிலும் அதற்கு மையங்கள் உள்ளன.

"சர்வரை எப்படித் தொடங்குவது?" என்று புதியவர்கள் கேட்பார்கள். இத்துறையில் பணியாற்றும் நாங்கள் முதலில் வேறு மூன்று கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று, எப்போது நிறுத்துவது? புதியவர் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போவார். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டணமும் ஏறும். ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறியைப் போல இதுவும் இஸ்ராஃப்தான். அனுபவசாலி முதல் நாளே பட்ஜெட் எச்சரிக்கை வைப்பார். அது தகவல்தான் தரும், தானாக எதையும் நிறுத்தாது என்பதும் அவருக்குத் தெரியும். சர்வரை நிறுத்தினாலும் அதன் டிஸ்குக்கு வாடகை உண்டு என்பதால் தேவையற்றதை அழித்தும் விடுவார்.

இரண்டு, சாவி யாரிடம்? அனைத்து அதிகாரமும் உள்ள ரூட் கணக்கை அனுபவசாலி அன்றாட வேலைக்குத் தொடமாட்டார். தனிப் பயனர், தேவையான அனுமதி மட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று வைத்துக்கொள்வார். புதியவரோ ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிடுவார். அப்படிப்பட்ட சாவிகளைத் தேடியெடுக்கவே தானியங்கி நிரல்கள் சுற்றுகின்றன. யாரோ கிரிப்டோ நாணயம் ஈட்ட, பில் வாப்பாவின் கார்டுக்கு வரும்.

மூன்று, விழுந்தால் எப்படி எழுப்புவது? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறொரு சர்வர் என்று நினைத்து, முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். வழக்கமான காப்புப் பிரதிகளைத் தேடினால், அவை வேலை செய்யாமலே இருந்திருக்கின்றன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. ஆகவே, பிரதியிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்க்கும்வரை காப்பு இருக்கிறதென்று நாங்கள் நம்புவதில்லை.

பெற்றோர்களே, கார்டு எண்ணைக் கொடுப்பதற்கு முன் பிள்ளையிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் கோபிக்க வேண்டாம். பயிற்சியாளரிடம் அனுப்பி வையுங்கள். தம்பி தங்கைகளே, நாளை ஒரு மருத்துவமனையின் நோயாளி விவரங்கள் உங்கள் கைக்கு வரலாம். அது அமானிதம். அதைப் பேணும் பழக்கத்தை இன்றைய சிறிய கணக்கிலேயே தொடங்குங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.