யாத்திரைத் தொழிற்கல்வியும் அனுபவமும்

(நமது சங்கத்தின் ஆம்பூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடும்பத்துப் பிள்ளைகளுட் சிலர் இந்நாளில் சர்வகலாசாலைகளிற் சுற்றுலா நிர்வாகம் என்னும் பாடத்தைப் பயில்கின்றனர். அக்கல்வியின் ஒரு கூறாக, விடுதிகளிலும் பிரயாண நிலையங்களிலும் அவர்கள் சில காலம் வேலை பழகவேண்டியதாகின்றது. "பணங் கட்டிப் படிக்க அனுப்பினோம், பிள்ளை பிறர் பெட்டியைச் சுமக்கின்றானே!" என்று பெற்றோர் சிலர் என்னிடம் வருந்தியதுண்டு. பெண்மக்களை அனுப்பவே மறுத்தாருமுளர்.

தோல் பதனிடுந் தொழிலை அறிந்த நமக்கு இவ்விஷயம் புதிதன்று. ஆவாரம்பட்டைச் சாறு தோலினுள் முற்றும் ஊறியதோ என்பதை, ஓரத்தை அறுத்துப் பார்த்தே நம் முதியோர் அறிந்தனர். புத்தகம் காரணத்தைக் கூறும்; கைப்பழக்கத்தைத் தராது.

ஆயினும், வேலை செய்தல் மாத்திரமே கல்வியாகாது. எல்லா அனுபவமும் கல்வி பயப்பதன்று என்பதை அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1938-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். டேவிட் கோல்ப் என்பார் 1984-ல் இதனை நான்கு படிகளாக வகுத்தார்: செய்தல், செய்ததைச் சிந்தித்தல், அதினின்றும் பொதுக்கருத்தைக் காணல், அதனை மீண்டும் செய்து சோதித்தல். நடுவிலுள்ள இரண்டும் இல்லையேல் எஞ்சுவது கூலிவேலையே. பெற்றோர் வருத்தத்தில் அவ்வளவிற்கு நியாயமுண்டு.

வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10-ல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தோற்சின்னம் பதித்த புதிய தலைப்பாகை அதற்கொரு காரணம். இதனைப் பிரயாணிகட்கு மாணவன் எடுத்துரைக்கையில், "ஒரு தொப்பிக்காகவா உயிரைக் கொடுத்தனர்?" என்று ஒருவர் கேட்பார். அவன் திகைப்பான். அன்றிரவு மீண்டும் படிப்பான். நெற்றிக்குறியும் தாடியும் தடுக்கப்பட்டதையும், திப்பு சுல்தானின் குடும்பத்தார் அக்கோட்டையிலேயே காவலில் இருந்ததையும் இணைத்துக் காண்பான். மறுநாள் அவன் சொல்லில் தெளிவு பிறக்கும். கல்வியென்பது இதுவே.

இனி, ஆம்பூருக்கு வருவோர் பாலாற்றைப்பற்றிக் கேளாதிரார். தோற்சாலைக் கழிவுகளைக் குறித்து 1996-ல் உச்ச நீதிமன்றம் கடுந்தீர்ப்பு வழங்கியது யாவரும் அறிந்ததே. அக்கேள்விக்கு நம் பிள்ளை பொய் சொல்லவேண்டுமா? தோற்சாலைகளின் கதவை நாம் சாத்திவைத்தால், அவனுக்கு வேறு வழியில்லை. கதவைத் திறந்து, கழிவுநீர் எங்கே செல்கின்றது, எவ்வாறு சுத்தி செய்யப்படுகின்றது என்பதைக் காட்டினால், கண்டதைக் கண்டவாறு அவன் கூறுவான். குறையிருப்பின் அதனையும் கூறட்டும். நாம் திருந்த அதுவும் உதவும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றேன். தோற்சாலையும் விடுதியும் நடத்தும் அங்கத்தினர், உதவித்தொகையுடன் மாணவர்க்குப் பயிற்சி அளித்தல் வேண்டும். வாரம் ஒருமுறையேனும் ஒரு மூத்தவர் அவர்களுடன் அமர்ந்து, கண்டதையும் தவறியதையும் பேசுதல் வேண்டும். வெளியூரிற் பயிலும் பெண்மக்கட்கு நம் குடும்பங்கள் இடமளித்தல் வேண்டும். இம்மூன்றாவதைத் தாய்மார்கள் கைக்கொள்வார்களாயின், மறுத்த பெற்றோரும் மனம் மாறுவர் என்பது என் அபிப்பிராயம்.

சபையோர் ஆலோசித்து ஆவன செய்வார்களாக.