வலையமைப்புக்கு ஒரு மூளை



கணிப்பொறி வழியே நாம் அனுப்பும் செய்தி முழு உருவத்தோடு பிரயாணம் செய்வதில்லை. அது சிறு சிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தன் தலையில் முகவரியைத் தாங்கி, சந்திக்குச் சந்தி கைமாறிச் செல்கிறது. சந்தியில் நின்று வழி காட்டும் யந்திரத்துக்கு வழிப்படுத்தி என்று பெயர். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் தோன்றிய நாள் முதலாகவே, வழியை யந்திரங்கள் தாமே ஆராய்ந்து தீர்மானிப்பது என்ற ஏற்பாடு வளர்ந்து வந்தது. தலைவன் இல்லாத ஊர் அது. ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை சுற்றுவழி கண்டு காரியத்தை நடத்திவிடும்.

அந்த வலிமைக்குள்ளேயே ஒரு குறையும் ஒளிந்திருந்தது. இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்டார். எல்லா யந்திரங்களும் அத்தகைய முறையையே கையாண்டால் என்ன ஆகும்? குறுகிய வழியில் நெரிசல். சற்றே நீண்ட வழியில் ஆள் நடமாட்டமே இராது. மேலும், இணைப்பு அறுந்தால் சமாளிக்க இடம் வேண்டுமே என்று அஞ்சி, நெடுந்தூர இணைப்புகளை நூற்றுக்கு 30, 40 பங்குக்கு மேல் நிரப்பாமல் வைப்பது வழக்கமாயிற்று. கடலடிக் கம்பிக்குப் பெரும்பொருள் செலவிட்டுவிட்டுப் பாதிக்கு மேல் வெறுமையாக வைப்பதை என்னவென்று சொல்வது!

இங்கேதான் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து ஆராய்ச்சி பயன்பட்டது. மார்ட்டின் கசாடோவும் நிக் மெக்கியோனும் பிறரும் 2007-இல் ஈத்தேன் என்ற அமைப்பையும், 2008-இல் ஓப்பன்ஃப்ளோ என்ற உடன்பாட்டையும் உலகுக்கு அறிவித்தார்கள். கருத்து எளியது. பொட்டலத்தைத் தள்ளும் கையை ஸ்விட்சிடமே விட்டுவிட்டு, வழியைத் தீர்மானிக்கும் மூளையை மட்டும் தனியே எடுத்து, முழு வலையமைப்பையும் பார்க்கும் ஒரு மென்பொருளிடம் ஒப்படைப்பது. மென்பொருளால் ஆளப்படும் வலையமைப்பு என்பது இதுவே.

கூகிள் நிறுவனம் தன் தரவு நிலையங்களை இணைக்க இந்த முறையில் பி4 என்ற வலையமைப்பைக் கட்டி, 2013-இல் அதன் விவரங்களை வெளியிட்டது. அங்கே வேலைகளுக்குத் தராதரம் உண்டு. மக்களின் கடிதங்களையும் ஆவணங்களையும் பிரதி எடுப்பது முதல். தொலைவிலுள்ள சேமிப்பைக் கணக்கிடும் பொருட்டுப் படிப்பது அடுத்தது. பெருந்திரளான தரவுகளை நகர்த்துவது கடைசி. கடைசி வகையே அளவில் மிகப் பெரியது, காத்திருக்கவும் வல்லது. ஆகவே மீந்த இடத்தையெல்லாம் அதனால் நிரப்பலாம். இதனால் நீண்டகாலச் சராசரியாக இணைப்புகள் நூற்றுக்கு 70 பங்கு நிறைந்தன; சில முழுமையை நெருங்கின.

ஒரே மூளையால் இத்தனைக்கும் கணக்குப் பார்க்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். பொட்டலம் பொட்டலமாகப் பார்த்தால் முடியாதுதான். ஆகவே புறப்படும் நிலையம், சேரும் நிலையம், தராதரம் என்ற மூன்றும் ஒத்தவற்றையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டினார்கள். அப்பழுக்கற்ற விடையை நாடாமல், அதில் நூற்றுக்கு 99 பங்கேனும் தரக்கூடிய விடையை 25 மடங்கு விரைவில் காணும் முறையையும் வகுத்தார்கள். காலந்தாழ்ந்து வரும் சரியான விடையால் வலையமைப்புக்குப் பயனில்லை அல்லவா?

ஆயினும் அவர்கள் மூளையை முழுக்க நம்பிவிடவில்லை. பழைய குறுகிய வழி முறையையும் அடியில் உயிரோடு வைத்து, வேண்டும்போது மூளையின் ஆட்சியை ஒரே கணத்தில் நிறுத்த வழி செய்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை மிகையன்று. ஒரு பராமரிப்பு வேலையின்போது, புதிய ஸ்விட்சு ஒன்றுக்கு ஏற்கெனவே மற்றொன்று தாங்கியிருந்த அடையாள எண்ணைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார்கள். இணைப்புகள் எழுவதும் விழுவதுமாயின. கட்டுப்பாட்டுச் செய்திகள் வெள்ளமெனப் பெருகின. மூளையின் ஆணைகள் உரிய காலத்தில் கருவிகளை அடையவில்லை. இதை மறைக்காமல் தாமே எழுதி வெளியிட்டது, என் கருத்தில், அவர்களுடைய கணக்கு முறையினும் மேலான கொடை.

2018-இல் வந்த அடுத்த அறிக்கையில் அமைப்பே மாறியிருக்கிறது. ஒரு நிலையத்திலுள்ள ஸ்விட்சுகள் சில கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மேல்மட்டக் கணக்கு நிலையங்களுக்கு இடையே மட்டும். உள்ளே கூட்டங்களுக்குப் பங்கிடும் கணக்கு வேறு. ஐந்து ஆண்டுகளில் போக்குவரத்து ஏறத்தாழ நூறு மடங்கு பெருகியது. கிடைக்கும் தன்மையோ நூற்றுக்கு 99 என்பதிலிருந்து 99.99-க்கு உயர்ந்தது. முப்பது நாள் மாதத்தில் 7 மணி 12 நிமிஷம் நின்றுபோகலாம் என்றிருந்த நிலை, 4 நிமிஷத்துக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிட்டது.