இன்னொரு லாரி

தலைப்பு: நாட்டைக் காத்த வீரர்களுக்குப் பெரிதும் பெருமை சேர்ப்பது வானுயர்ந்த நினைவுச் சின்னங்களா? கையால் செய்த சின்னஞ்சிறு மாதிரிகளா?

இடம்: சிறுமலை

'சின்னஞ்சிறு மாதிரிகளே!' அணியின் மூன்றாவது பேச்சு



திண்டுக்கல்லில் இருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறோம். பத்தாவது வளைவிலேயே எதிரணித் தலைவருக்குத் தலை சுத்திடுச்சு. அந்தச் சுத்தல் இன்னும் நிற்கவில்லை என்பது அவர் பேசும்போதே தெரிந்தது. (சிரிப்பு, கைதட்டல்)

என்ன சொன்னார்? "அட்டையையும் பசையையும் வச்சுக்கிட்டு சின்னப் பிள்ளைங்க செய்யிற பொம்மைக்குப் பேரு மரியாதையாம்மா? பெருசா செய்யணும், பெருசா!" என்றார். அண்ணே, வந்த ஊரோட பேரைப் பார்த்தீங்களா? சிறுமலை! இந்த ஊர் வாழைப்பழம் எவ்வளவு பெருசு? விரல் அளவு. மத்தியானம் எத்தனை சாப்பிட்டீங்க?

நடுவர்: ஆறு வரைக்கும் நான் எண்ணினேன்மா. (பலத்த சிரிப்பு)

அளவைப் பார்த்து மதிப்புப் போடக் கூடாது என்பதற்கு அந்த ஆறு தோலே சாட்சி. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, டெல்லியில் இருக்கிற தேசியப் போர் நினைவுச் சின்னத்தை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறவள்தான். 2019 பிப்ரவரி 25-ல் திறந்தார்கள். 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அது வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தச் சுவரில் இருப்பது உயிர் நீத்தவர்களின் பெயர். உயிரோடு திரும்பி வந்தாரே, பென்ஷன் வாங்கிக்கொண்டு, மூட்டு வலியோடு நம்ம தெருத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறாரே பட்டாளத்துக்காரர், அவருக்கு எந்தச் சுவரில் இடம்? இந்தக் கேள்வியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். கடைசியில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

"பொம்மை" என்றார்கள். சரி. தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். மாடு பிடிச் சண்டையில் செத்துப்போன ஒருத்தன் பேரைத் தமிழ் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே பழசு! அந்தக் கல் ஆள் உயரம்கூட இல்லை ஐயா. பின்னால் வந்த நடுகற்களில் வீரனையே செதுக்கினார்கள். கையில் வில், உடம்பில் தைத்த அம்பு, எல்லாம் ஒரே கல்லுக்குள்ளே. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலை சொல்கிறது. கல்லைத் தேடிப் போகணும், நாள் பார்த்து எடுக்கணும், தண்ணீரில் நீராட்டணும், நடணும், படைக்கணும், வாழ்த்தணும். ஆக, மரியாதை கல்லின் உயரத்தில் இல்லை. அதைச் செய்கிறவன் படுகிற பாட்டில் இருக்கிறது! (கைதட்டல்)

அடுத்து எதிரணி அண்ணன் ஒருவர் எழுந்தார். "மாதிரி எதுக்கு? நிஜக் கப்பலையே நிறுத்தி வைங்க!" என்றார். ஆசைதான் அண்ணே. நம்முடைய பழைய ஐ.என்.எஸ். விக்ராந்த் கதை தெரியுமா? 1971 போரில் வங்காள விரிகுடாவையே காவல் காத்த விமானம் தாங்கிக் கப்பல். 1997-ல் ஓய்வு கொடுத்தார்கள். மும்பையில் அருங்காட்சியகமாக நிறுத்திப் பார்த்தார்கள். பராமரிக்க முடியவில்லை. 2014-ல் உடைத்தே விட்டார்கள். அந்த இரும்பில் கொஞ்சத்தை உருக்கி, 2016-ல் பைக் செய்து விற்றார்கள். போருக்குப் போன கப்பல், கடைசியில் பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றது! (சிரிப்பு) சிரிக்கிறோம், ஆனால் வயிறு எரியுது. எழுநூறு அடிக் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. அதே கப்பலை ஒரு முழ நீளத்துக்குச் செய்து எத்தனையோ வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அதை யாரும் ஏலம் விடவில்லை ஐயா! (பலத்த கைதட்டல்)

இன்னொரு கப்பல். ஐ.என்.எஸ். குக்ரி. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி, டையூ கடலுக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி விட்ட குண்டில் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். மொத்தம் 194 பேர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடேயே போனார். சொல்லுங்கள், அந்த 194 வீட்டுக்காரர்கள் எங்கே போய்ப் பூப் போடுவார்கள்? சமாதியா இருக்கு? சாம்பலா இருக்கு? கடல்தான் இருக்கு.

1999-ல் டையூ கடற்கரை மேட்டில் ஒரு நினைவிடம் வைத்தார்கள். உள்ளே என்ன வைத்தார்கள் தெரியுமா? ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் குக்ரியின் மாதிரி. புருஷன் எந்த இடத்தில் நின்னு வேலை பார்த்தார் என்று ஒரு பெண் விரலை நீட்டிக் காட்டலாம் ஐயா. "உங்க தாத்தா இங்கதான் இருந்தார்" என்று பேரனிடம் சொல்லலாம். எதிரணி நண்பர்களே, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பொம்மை என்று சொல்லிப் பாருங்கள்! (நீண்ட கைதட்டல்)

மாதிரி செய்கிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எழுபத்திரண்டில் ஒன்று. உலகம் முழுக்கச் சின்ன விமானங்களை அந்தக் கணக்கில்தான் அதிகம் செய்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆறடி மனுஷன் சரியாக ஓர் அங்குலம். ஆறடி மண்ணுதான் சொந்தம் என்கிறோமே, அந்த ஆறடி நம் நகத்தின் மேல் வந்து நிற்கும்! அந்த ஓர் அங்குல மனுஷனுக்குச் சட்டை என்ன நிறம், தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று தெரியாமல் வண்ணம் தீட்ட முடியாது. யாரிடம் கேட்பது? இருந்தவரிடம் போய்த்தான் கேட்கணும். சிலைக்கு மாலை போட ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். மாதிரி செய்ய நூறு கேள்வி கேட்கணும். என் அணியின் வாதமே இதுதான்!

நாம பட்டாளத்துக்காரரிடம் என்ன கேள்வி கேட்கிறோம்? உண்மையைச் சொல்லுங்கள். "அண்ணே, மிலிட்டரி கேண்டீன்ல ஒரு பாட்டில் கிடைக்குமா?" (பலத்த சிரிப்பு) நாட்டுக்கு உழைச்சவர்கிட்ட நாடு கேட்கிற ஒரே கேள்வி ஐயா இது!

என் பெரியப்பா பட்டாளத்தில் டிரைவர். போரில் என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, "லாரி ஓட்டினேன்" என்பார். அவ்வளவுதான். துப்பாக்கி தூக்காததால் தன்னை வீரர் கணக்கிலேயே அவர் சேர்த்துக்கொண்டதில்லை. பழைய போட்டோ ஒன்று உண்டு. சக்திமான் லாரி மேல் கை வைத்துக்கொண்டு நிற்பார். ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்த லாரி அது.

என் மகன் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அந்த போட்டோவைப் பார்த்து அட்டையில் ஒரு சக்திமான் செய்தான். சோடா மூடிதான் சக்கரம். கொண்டுபோய்த் தாத்தா கையில் கொடுத்தான். அவர் முன்பக்கம் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பினார். பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவே பார்த்தார். "வெள்ளை அடிக்கலையேடா!" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னார். போர்க்காலத்தில் ராத்திரி முன் விளக்கு போடக் கூடாது. விமானம் பார்த்துவிடும். பின் அச்சின் நடுவில் உருண்டையாக ஒன்று இருக்கும். அதில் வெள்ளை பெயிண்ட் அடித்து, மேலே ஒரு சின்ன விளக்கு. பின்னால் வருகிற டிரைவர் அந்த வெள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டணும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நாம பகலில் பதினெட்டு வளைவுக்குத் தலை சுத்துறோம் ஐயா!

"ஒரு ராத்திரி முன்னால போன வெள்ளை திடீர்னு காணோம். பிரேக்கை மிதிச்சேன். என் வண்டி நின்னுச்சு. அவன் வண்டி நிக்கலை" என்றார்.

(அரங்கில் அமைதி)

கூட வேலை பார்த்தவன். ஒரே தட்டில் சாப்பிட்டவன். நாற்பது வருஷத்துக்கு மேல் அவன் பேரைப் பெரியப்பா வீட்டில் சொன்னதில்லை. பெரியம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். நாங்க யாரும் கேட்கலையே! ஒரு சோடா மூடி லாரிதான் கேட்டது.

அப்புறம் பேரனிடம் சொன்னார். "இது என் லாரி. இன்னொண்ணு செய்டா. இதுக்கு முன்னால நிறுத்து." பையன் செய்தான். அதற்கு வெள்ளை பெயிண்ட் தேடினான். பெரியம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பை நீட்டினாங்க. பெரியப்பா தன் விரலாலேயே தொட்டு அந்த முன் லாரியின் அச்சில் வைத்தார். இன்றைக்கும் அவர் வீட்டு டி.வி. மேசையில் ரெண்டு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிறது. (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, வைத்துவிட்டுப் போன கேள்வியை இப்போது எடுத்துக்கொள்கிறேன். திரும்பி வந்தவருக்கு எந்தச் சுவரில் இடம்? சுவரில் வேண்டாம் ஐயா. நம் பிள்ளைகளின் கையில் இடம் கொடுப்போம். இங்கே வந்திருக்கிற தாய்மார்களே, உங்கள் தெருவிலும் ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். பையன் கையில் அட்டையும் கத்தரிக்கோலும் கொடுத்து, "தாத்தா, நீங்க ஓட்டின வண்டி எப்படி இருக்கும்?" என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள். சீக்கிரம் அனுப்புங்கள். 1971-ல் இருபது வயதாக இருந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

பெரிய சின்னத்தை அரசாங்கம் கட்டட்டும். கேள்வியை நாம் கேட்போம். கேட்க வைக்கிற சின்னஞ்சிறு மாதிரிகளே வீரர்களுக்குப் பெரிதும் பெருமை சேர்க்கின்றன என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு வேண்டுகிறேன்.

(பலத்த கைதட்டல்)