குறிப்பறியும் அன்பு



திருப்புட்குழி என்னும் இவ்வூர் அன்பின் வரலாற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. புள் என்றால் பறவை. பிராட்டியைக் காக்கப் போரிட்டு மாய்ந்த சடாயுவுக்கு, இராமபிரான் மகன் நிலையில் நின்று ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பது தலவரலாறு. சைவர்கள் போற்றும் புள்ளிருக்குவேளூரும் அப்பறவையின் பெயர் கொண்டதே. பிறர் துயரைத் தன் துயராகக் கொண்ட உள்ளத்தைச் சமயங்கள் யாவும் வணங்குகின்றன.

பிறர் வாய் திறவாமுன் அவர் உள்ளத்தை உணர்வதே குறிப்பறிதல். வள்ளுவப் பெருந்தகை இத்தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். 71ஆம் அதிகாரம் அரசவைக்கு. 110ஆம் அதிகாரம் காதலர்க்கு. நாடாள்வோர்க்கும் வீடாள்வோர்க்கும் வேண்டுவது ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

இதனை வாழ்ந்து காட்டியவர் நம் காஞ்சியில் தோன்றிய திருக்குறிப்புத் தொண்ட நாயனார். அடியார்தம் குறிப்பறிந்து அவர்களுடைய ஆடைகளை வெளுத்துத் தருவது அவர் தொண்டு. குளிர்காலத்தில் ஒருநாள் இறைவன் மெலிந்த அடியாராக, அழுக்கேறிய கந்தையுடன் வந்தான். அந்திக்குள் உலர்த்தித் தருவதாக நாயனார் வாக்களித்தார். மழை பிடித்துக்கொண்டது, பொழுது சாய்ந்தது. அடியார் குளிரால் வாடுவாரே என்று தம் தலையைக் கற்பாறையில் மோதினார். இறைவன் திருக்கரம் தோன்றித் தடுத்தது.

அவர் துணி வெளுத்தார். காம்பீலியில் வாழ்ந்த நேச நாயனார் அடியார்க்கென்று துணி நெய்தார். உடுப்பவரை நெஞ்சில் நிறுத்திச் செய்ததால் கைத்தொழிலே சிவத்தொண்டாயிற்று.

நெசவாளப் பெருமக்களே! கோர்வைச் சேலை நெய்யும் தறியை எண்ணிப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று. ஒருவர் உடலையும் ஒரு கரையையும் நெய்ய, துணையாள் மறுகரைக்கு நாடா விடுகின்றார். ஒருவர் கை முந்தினாலும் பிந்தினாலும் கரை உடலோடு பொருந்தாது. இருவர் மனம் இசைந்தாலன்றி அழகு பிறவாது. எல்லாக் கலைக்கும் இதுவே இலக்கணம்.

இவ்வளவு பேசும் யாம் ஒருமுறை தவறினோம். ஓர் ஊரில் சொற்பொழிவு முடிந்ததும் முதியவர் ஒருவர், "ஐயா, மழையில் நனைந்த கந்தைக்கு இறைவன் கை நீட்டினானே, எல்லோர்க்கும் நீட்டுவானா?" என்று வினவினார். யாம் வினையின் இயல்பையும் அருளின் இயல்பையும் விரித்துரைத்தோம். அவர் தலையசைத்துச் சென்றார். அவர் மகனை இழந்து பத்து நாளும் ஆகவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் கேட்டது விளக்கமன்று, ஒரு கை. நூலின் பொருள் தெரிந்தது. எதிரே நின்ற முகத்தின் பொருள் தெரியவில்லை. அன்றுதொட்டு விடை கூறுமுன் கேட்பவர் முகத்தைப் பார்க்கப் பழகினோம்.

தறியை விட்டுத் தொழிற்சாலைக்குச் செல்லும் மைந்தர் இன்று பலர். தந்தைக்கு அது மனத்தாங்கல். மகனுக்கோ, வருவாய் போதாமையைத் தந்தையிடம் சொல்ல நாணம். இருவரும் ஒரு கூரையின்கீழ்ப் பேசாதிருக்கின்றனர். தந்தைமாரே, அவனுடைய அச்சத்தைக் கேளுங்கள். மைந்தரே, அவருடைய கைகளை உற்று நோக்குங்கள். நீங்கள் உண்டு வளர்ந்தது அக்கைகளால். அவன் தறிக்குத் திரும்பினும் திரும்பாவிடினும், உறவின் கோர்வை அறாதிருக்கட்டும்.

திருவிழா முடிந்து வீடு திரும்பியதும், பேசாதிருப்பவர் அருகே சற்றே அமருங்கள். அதுவும் சிவபூசையே.

திருச்சிற்றம்பலம்.