துயிலெழ மறுக்கும் பழங்கணனி

வைத்தியர் நாடி பார்ப்பதற்கு முன்னரே, நோயாளி நடந்துவந்த நடையிலும் அவன் முகத்தின் நிறத்திலும் நோயின் பாதியை அறிந்துகொள்வார் என்பர். பழைய கணனியைப் பழுது பார்ப்பவனுக்கும் அத்தகைய பொறுமை வேண்டும். ஆளியைப் போட்ட கணத்திலிருந்து அவ்வியந்திரம் எழுப்பும் ஓசையும், மினுக்கும் சிறு விளக்கும், திரையில் எழுதும் எண்ணும் ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்லுகின்றன. அவற்றைச் செவிமடுக்காமலே திருப்புளியைக் கையில் எடுப்பவன் பெரும்பாலும் நோயைக் கூட்டியே வைப்பான்.

1984ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் பீ.சீ. ஏ.ரீ. என்னும் மேசைக் கணனியை வெளியிட்டனர். அதன் மொடல் இலக்கம் 5170. 1981இல் வந்த முதற் கணனியிலும், 1983இல் வந்த எக்ஸ்.ரீ.யிலும் வேகம் மிக்கது அது. 1.2 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டுச் செலுத்தி ஒன்று அதில் இருந்தது. விலை கூடிய வகையில் 20 மெகாபைட் கொள்ளும் வன்வட்டு ஒன்றும் உடனிருந்தது. இன்று ஒரு நிழற்படத்திற்கே போதாத அந்த 20 மெகாபைட்டில், அன்று ஒரு கந்தோரின் பல ஆண்டுக் கணக்குகள் அடங்கின. அவ்வியந்திரங்களிற் சில இன்னும் அறைமூலைகளிற் கிடக்கின்றன. யாரோ ஒருவரின் தந்தையார் எழுதி முடிக்காத நூலும், மூடப்பட்ட ஒரு சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பும், வேறெங்கும் பிரதியின்றி அவற்றின் வட்டுக்களில் மட்டுமே இருத்தல் கூடும். இயந்திரம் போனால் வேறொன்று வாங்கலாம். அந்த எழுத்தை எங்கே வாங்குவது? ஆதலின், உள்ளே இருப்பது இன்னதென்று தெரியும்வரை வட்டில் எதையும் எழுதலாகாது என்பதே இத்தொழிலின் முதல் விதி. சந்தேகம் வந்தவுடன் வட்டை மறுபடி வடிவமைத்துப் பார்க்கும் பழக்கம், காய்ச்சற்காரனைக் குளத்தில் தள்ளுவது போன்றது.

கணனி துயிலெழும் முறையைச் சற்று அறிந்துகொள்ளுதல் நன்று. மின்சாரம் பாய்ந்ததும், பயோஸ் எனப்படும் நிலையான நிரல் முதலில் இயந்திரத்தின் உறுப்புக்களைச் சோதிக்கின்றது. சோதனை நலமாக முடிந்தால் ஒரு சிறு கூவலொலி எழும். பின்னர் 'ஏ' என்னும் நெகிழ்வட்டுச் செலுத்தியின் விளக்கு எரியும். அங்கே வட்டு இல்லையேல் வன்வட்டின் முறை வரும். எந்த வட்டாயினும் அதன் முதல் தடத்தின் முதற்கூற்றிலுள்ள 512 பைட்டுக்களை மட்டுமே பயோஸ் வாசித்து நினைவகத்தில் இட்டு, 'இனி உன் பாடு' என்று பொறுப்பை அதனிடம் ஒப்படைத்து விடுகின்றது. வன்வட்டாயின், அந்தச் சிறு துண்டு நிரல் எந்தப் பகுதி தொடக்கத்திற்கு உரியதென்று பார்த்து, அப்பகுதியின் முதற்கூற்றை அழைக்கின்றது; அது டொஸ் என்னும் இயக்க முறைமையின் மறைகோப்புக்களை அழைக்கின்றது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறும் தீவட்டி போன்றது இது. எந்தக் கையில் தீவட்டி அணைந்தது என்று கண்டுபிடிப்பதே பழுது பார்த்தலின் பெரும்பகுதி.

ஏ.ரீ. கணனியின் பெருந்துன்பம் ஒரு சிறு பற்றரியிலிருந்து பிறந்தது. எக்ஸ்.ரீ.யில் உறுப்புக்களின் விபரத்தைப் பலகையிலுள்ள சிறிய ஆளிகள் தாங்கி நின்றன. அவற்றுக்கு மறதி கிடையாது. ஏ.ரீ.யிலோ அவ்விபரம், கடிகாரத்தோடு கூடிய ஒரு சில்லினுள், 64 பைட் இடத்தில், 6 வோல்ற் பற்றரியின் தயவில் வாழ்ந்தது. பற்றரி இறந்தால் தனக்கு வன்வட்டு உண்டென்பதையே இயந்திரம் மறந்துவிடும். அப்போது திரையில் 161 என்னும் எண் தோன்றும். நாளும் நேரமும் போயின என்பதற்கு 163 வரும். பலர் இதைக் கண்டதும் வன்வட்டு கெட்டதென்று முடிவு செய்து அதைக் கழற்றி எறிந்தனர். கெட்டது வட்டன்று, ஞாபகமே.

ஞாபகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கான அமைப்பு நிரலை, பின்னாளிற் செய்தது போல ஐ.பி.எம். நிறுவனத்தார் பயோஸினுள் வைக்கவில்லை; தனியொரு நெகிழ்வட்டில் வைத்துக் கொடுத்தனர். எனவே வன்வட்டை எழுப்ப நெகிழ்வட்டு வேண்டும். நாற்பது ஆண்டு கிடந்த நெகிழ்வட்டுச் செலுத்தியோ அநேகமாக அதைவிட முன்னரே நோயுற்றிருக்கும். திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான்.

ஆகவே நெகிழ்வட்டுச் செலுத்தியிலிருந்தே வைத்தியம் தொடங்கவேண்டும். ஆளி போட்டதும் அதன் விளக்கு அணையாமல் தொடர்ந்து எரிந்தால், நாடா வடம் தலைகீழாக மாட்டப்பட்டிருத்தல் வேண்டும். வடத்தின் நிறக்கோடுள்ள ஓரம் முதலாம் இலக்கக் கம்பி. வடத்தின் நடுவே சில கம்பிகள் முறுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு அதைப் பிழையென்று கருதலாகாது. இரண்டு செலுத்திகளையும் ஒரே இலக்கத்தில் அமைத்துவிட்டு, அந்த முறுக்கின் வழியாகவே கடைசி முனையிலுள்ளதை 'ஏ' ஆக்கினர். இதில் ஒரு பொறி உண்டு. வன்வட்டின் 34 கம்பி வடமும் நெகிழ்வட்டின் 34 கம்பி வடமும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் நெகிழ்வட்டு வடத்தில் முறுக்கு 10 முதல் 16 வரையுள்ள கம்பிகளில். வன்வட்டு வடத்தில் 25 முதல் 29 வரை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாட்டிவிட்டு, இரவு முழுதும் வேறெங்கோ பிழை தேடியவர்கள் உளர்.

வடம் சரியாயின் வாசிப்புத் தலையைப் பார்க்கவேண்டும். ஐசோபுரப்பைல் மதுசாரத்தில் நனைத்த பஞ்சினால் அதை மெல்லத் துடைக்கலாம். தலை முன்பின் ஓடும் தண்டுகளில் பழைய கிறீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதை வழித்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி இட்டால் அநேக செலுத்திகள் உயிர்பெறும். ஈரப்பதன் மிகுந்த நாடுகளில் வட்டுக்களிற் பூஞ்சணம் பிடிக்கும். உறையின் நீள்துளை வழியே வட்டைத் திருப்பி, வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தால் நரைத்த வட்டங்களாய்ப் புலப்படும். அத்தகைய வட்டைக் கழுவாது செலுத்தியினுள் இட்டால், அந்த வட்டு மட்டுமன்று, அழுக்கேறிய தலையின் கீழ் அடுத்து வரும் நல்ல வட்டும் கீறுப்பட்டுப் போம்.

முதற் கணனிகளிலிருந்த 360 கிலோபைட் செலுத்திகள் சில இறப்பர்ப் பட்டியினாற் சுழன்றன. பட்டி தளர்ந்தால் வட்டின் வேகம் குறையும். நிமிடத்திற்கு 300 சுற்று என்பது தவறினால் எழுத்துப் புரியாது. அச்சில்லின் அடியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இரு வளையங்களாக அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று 60 சுழற்சி மின்சாரமுள்ள நாடுகளுக்கு, மற்றது இலங்கை போன்ற 50 சுழற்சி நாடுகளுக்கு. பழைய குழல்விளக்கின் கீழ்ப் பார்க்கும்போது உரிய வளையம் அசையாது நின்றால் வேகம் சரி. இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளில் அநேகமானவற்றின் கீழ் இந்த உபாயம் பலிப்பதில்லை என்பது வேடிக்கை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1.2 மெகாபைட் செலுத்தியின் தலை 80 தடங்களுக்கென ஒடுங்கியது. 360 கிலோபைட் செலுத்தி 40 அகன்ற தடங்களை எழுதுவது. அகன்ற தடத்தின்மேல் ஒடுங்கிய தலை எழுதினால், இரு ஓரங்களிலும் பழைய எழுத்தின் மிச்சம் நிற்கும். எழுதிய செலுத்தி அதைத் தடையின்றி வாசிக்கும். 360 கிலோபைட் செலுத்தியோ பழையதையும் புதியதையும் ஒருங்கே கேட்டு மயங்கும். ஏ.ரீ.யில் ஆயத்தம் செய்த தொடக்க வட்டு எக்ஸ்.ரீ.யில் எழும்பாமைக்கு இதுவே காரணமாகலாம். ஒருபோதும் எழுதப்படாத வட்டையோ, காந்தத்தினால் முற்றாக அழித்த வட்டையோ பயன்படுத்தின் இத்தொல்லை இல்லை.

அமைப்பு நிரல் ஓடத் தொடங்கியதும் வன்வட்டின் வகையெண்ணை அது கேட்கும். இங்கேதான் அவசரக்காரர் கெடுவர். பயோஸினுள் ஓர் அட்டவணை உண்டு. இரண்டாம் வகையென்றால் 615 உருளைகளும் 4 தலைகளும்; மூன்றாம் வகையென்றால் உருளைகள் அவ்வளவே, தலைகள் 6. இரண்டாம் வகையில், தடமொன்றுக்கு 17 கூறுகளும் கூறொன்றுக்கு 512 பைட்டுக்களுமாகப் பெருக்கினால், 2 கோடியே 14 இலட்சம் பைட்டுக்களுக்கு மேல் வரும். தலைகளின் தொகை பிழைத்தாலும் முதற்கூறு முதலிடத்திலேயே இருப்பதால் கணனி எழும்பத் தொடங்கும். பிறகு பக்க எண் மாறிய ஏடுபோல எல்லாம் குழம்பும். அந்நிலையில் ஒரு கோப்பை எழுதினால் வேறொரு கோப்பின் தலைமேல் எழுதியதாகும். வட்டின் மேலொட்டிய தாளிலுள்ள மொடல் இலக்கத்தைப் பார்த்து எண்ணைக் கொடுக்கவேண்டும். ஊகித்துக் கொடுத்தல் ஆகாது.

வகையெண் சரியாகியும் 1780 அல்லது 1790 என்று திரை சொல்லுமாயின், காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். வட்டு சுழலும் இரைச்சல் படிப்படியாக உயரவில்லையா? தலைகள் வட்டின் பளபளப்பான மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அடித்தல் உதவாது. மின்சாரம் கொடுத்த கணத்தில் பெட்டியை வட்டின் தளத்திலேயே சட்டெனச் சிறிது திருப்பினால் ஒட்டு விடுவதுண்டு. விட்டால் அன்று அதை நிறுத்தலாகாது. மறுமுறை எழும்பும் என்று எவரும் உறுதி கூறமுடியாது. சுழன்றும் வாசிக்கவில்லையெனின், அரைமணி நேரம் சூடேற விட்டு மீண்டும் முயலலாம். படிமோட்டாரினால் நகரும் தலைகள், வெப்பம் மாறும்போது தடத்தை விட்டு மயிரிழை விலகும்.

இதற்கிடையே ஒன்று. நோயுள்ள வட்டைத் தனியே பார்க்கலாமென்று அதன் மின்கம்பியைக் கழற்றியவுடன் கணனி முற்றாக ஊமையாகிவிடக் கூடும். ஏ.ரீ.யின் மின்வழங்கி போதிய சுமையின்றி இயங்காது. வன்வட்டின்றி விற்ற இயந்திரங்களில் அதற்காகவே ஒரு பெரிய மின்தடையை வைத்து அனுப்பினர். புதியதொரு பழுது நேர்ந்ததென்று அஞ்சவேண்டுவதில்லை.

வட்டு நன்றாகச் சுழன்று, இயக்க முறைமை இல்லை என்ற வாசகம் மட்டும் வருமானால், தீவட்டி கடைசிக் கைகளில் அணைந்ததென்பது தெளிவு. மறைகோப்புக்களைத் திரும்ப இடும் கட்டளைகள் டொஸில் உண்டு. ஆயினும் அவையும் வட்டில் எழுதுவனவே. அதற்கு முன், நெகிழ்வட்டிலிருந்து கணனியை எழுப்பி, 'சீ' வட்டின் கோப்புக்களை ஒவ்வொன்றாக வெளியே பிரதி எடுத்துக்கொள்ளல் வேண்டும். வட்டின் காந்த எழுத்தை அப்படியே உருவெடுக்கும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. பிரதியை வேறோர் இயந்திரத்தில் திறந்து, எழுத்து எழுத்தாக இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே பழுதைத் திருத்தலாம். வேலை முடிந்ததும், வன்வட்டின் தலைகளை ஒதுக்கிடத்திற்குக் கொண்டுசெல்லும் சிறு நிரலை ஓட்டி, அந்த இரைச்சல் ஓயும்வரை பெட்டியை அசையாது விட்டுவைக்கவேண்டும்.