கரை சேரும் வழி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடலிற் செல்வோன் திக்கறிவது எவ்வாறு என்பதே யான் இன்று பேசப் புகும் விஷயம். மயிலாப்பூரும் அடையாற்று முகமும் கடலை நோக்கிய இடங்கள். நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் இன்றும் படகுகள் கடலேறுகின்றன. ஆதலின் இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. உயிர் காக்கும் கல்வியாம்.

மாலுமி அறிய வேண்டுவன இரண்டு: செல்லும் திக்கு, நிற்கும் இடம். இரண்டிற்கும் துருவ நக்ஷத்திரமே துணை. அது வடதிசையை விட்டு அகலாது. மேலும், ஓரிடத்தின் அட்சாம்சம் எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் அது அங்கே தோன்றும். மயிலையில் 13 பாகை. நாகப்பட்டினத்தில் 11 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒரு பாகை ஏறினால் வடக்கே 60 கடல் மைல் வந்தோம் என்பது கணக்கு.

இவ்வுயரத்தை நம் முன்னோர் அளந்த கருவி ஒரு சிறு பலகையும் முடிச்சிட்ட கயிறுமே. பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவனையும் தொடும்படி கண்முன் பிடித்து, கயிற்றின் எந்த முடிச்சு பொருந்துகிறதென்று பார்ப்பர். முடிச்சுகள் கரையோர ஊர்களைக் குறிக்கும். சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இக்கருவி இருந்ததைக் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1850-ஆம் ஆண்டில் எழுதியுள்ளார்.

தீர்க்காம்சம் அறியாமலே இவர்கள் ஊர் சேர்ந்தது எப்படி? நம் கரை பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடுவது. ஆகவே ஊருக்கோர் உயரம் உண்டு. அவ்வுயரம் வாய்த்ததும் மேற்கே திரும்பினால் அவ்வூரே எதிர்ப்படும்.

இக்காலத்தில் செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் கருவி வந்துள்ளது. அதை வேண்டாமென்று சொல்லேன். ஆயினும் பேட்டரி தீர்ந்தாலும் உப்புநீர் புகுந்தாலும் அது ஊமையாகிவிடும். அவ்வேளையில் நம் இளைஞன் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: துருவன் வலக்கைப் புறம் நின்றால் முகம் மேற்கு நோக்கும், கரை அத்திக்கிலேயே உள்ளது. பகலிலோ, காலைச் சூரியன் முதுகிலும் மாலைச் சூரியன் முகத்திலும் படவேண்டும். கரை நெருங்கியபின், 1977 முதல் மெரினாவில் ஒளிவீசும் கலங்கரை விளக்கம் ஊரைக் காட்டும்.

பெற்றோர்களே! தெளிந்த இரவொன்றில் மக்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். வடக்கு நோக்கிக் கையை நீட்டி, அடிவானத்தின்மேல் முஷ்டியை வைக்கச் சொல்லுங்கள். அது சுமார் 10 பாகை. அதன்மேல் இருவிரல் வைத்தால் துருவன் தென்படுவான். ஓரிரவிற் கற்கும் இப்பாடம் ஓர் உயிரை மீட்குமாயின், அதனினும் பெரிய ஆஸ்தி யாது?