பதிவான அழைப்பு எங்கே போகிறது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என் போன்ல பேசுறதெல்லாம் ரெக்கார்டு ஆகுதாம். அது எங்கே இருக்கு?" சங்க அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் ஒரு பிரச்சினை வந்த பிறகுதான் கேட்கிறார்கள். "அவன் ஐந்து வருஷம் கியாரண்டின்னு போன்ல சொன்னான் சார், இப்போ இல்லைங்கிறான்" என்று பதற்றத்தோடு தேடினால் எதுவும் கையில் கிடைக்காது. பிரச்சினை இல்லாத இன்றைக்கே தெரிந்துகொள்வோம். போனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

பதிவு தொடங்கும்போது "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று இரு பக்கமும் கேட்கும்படி ஒரு குரல் வந்தால், உங்களுடையது பெரும்பாலும் கூகுள் போன் செயலி. இதில் சமீபத்திய அழைப்புகள் பட்டியலுக்குப் போய், அந்த நபரைத் தொட்டு, ஹிஸ்டரியைத் திறந்தால் பதிவு அங்கேயே இருக்கும். இந்தப் பதிவுகள் போனுக்குள் மட்டுமே இருப்பவை. கூகுள் கணக்கில் தானாகச் சேமிக்கப்படுவதில்லை. இதன் செட்டிங்ஸில் 7, 14 அல்லது 30 நாளில் தானாக அழித்துவிடும் வசதியும் உண்டு. உங்கள் போனில் அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

சாம்சங் போன் என்றால் மை ஃபைல்ஸ், இன்டர்னல் ஸ்டோரேஜ், ரெக்கார்டிங்ஸ், கால் என்ற வரிசையில் போங்கள். பழைய மாடல்களில் 'கால்' ஃபோல்டர் நேரடியாகவே இருக்கும். ரெட்மியில் அந்த நிறுவனத்தின் சொந்த டயலர் இருந்தால் எம்ஐயூஐ, சவுண்ட் ரெக்கார்டர், கால் ரெக் என்ற ஃபோல்டர்களுக்குள் இருக்கும். ஓப்போ, ரியல்மி போன்றவற்றில் மியூசிக் ஃபோல்டருக்குள் ரெக்கார்டிங்ஸ் என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 18.1 முதல், அதாவது 2024 அக்டோபரிலிருந்து, இந்த வசதி இருக்கிறது. பதிவு நோட்ஸ் செயலியில் போய்ச் சேரும். அங்கும் இருவருக்கும் அறிவிப்பு கேட்கும்.

இதெல்லாம் ஞாபகம் இருக்காது என்பவர்களுக்கு ஒரு சுலப வழி. வீட்டில் ஒருவரை அழைத்துப் பத்து வினாடி பேசிப் பதிவு செய்யுங்கள். உடனே ஃபைல்ஸ் செயலியில் ஆடியோ பகுதியைத் திறந்து, புதியது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். முதலில் நிற்பது அந்தப் பதிவுதான். அதன் விவரத்தைத் தொட்டால் எந்த ஃபோல்டர் என்று காட்டும். அங்கே வரவில்லை என்றால் டயலரின் ஹிஸ்டரிக்குள் பாருங்கள்.

பெரும்பாலான போன்களில் வாட்ஸ்அப் அழைப்பு இந்த முறையில் பதிவாகாது. "போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டுகிறவர்கள் வருவது அதிகமும் வாட்ஸ்அப் வீடியோவில்தான். சாட்சி சேர்க்கலாம் என்று லைனில் நிற்காதீர்கள். உடனே துண்டியுங்கள். வந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

போனிலேயே பதிவு வசதி இல்லை என்பதற்காகக் கண்ட செயலிகளை இறக்காதீர்கள். 'ஆக்சஸபிலிட்டி' அனுமதியைப் பயன்படுத்தி அழைப்பைப் பதிவு செய்வதற்கு 2022 மே மாதமே கூகுள் தடை போட்டுவிட்டது. அந்த அனுமதியைக் கொடுத்தால் திரையில் வருவதையெல்லாம் அந்தச் செயலி படிக்க முடியும். உங்கள் வங்கி விவரமும் அதில் அடக்கம்.

அடுத்தது, எதை வைத்துக்கொள்வது?

எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு அரை எம்பி முதல் ஒரு எம்பி என்று வைத்துக்கொண்டால், தினம் அரை மணி நேரம் பேசுகிறவருக்கு மாதம் 450 முதல் 900 எம்பி சேரும். இடம் போவதைவிட, வேண்டிய ஒன்று ஆயிரம் பதிவுக்கு நடுவே தொலைந்துபோவதுதான் பெரிய சிக்கல். தானியங்கிப் பதிவை நிறுத்திவிட்டு, தேவையான அழைப்பை மட்டும் பதிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறை, பராமரிப்புக் கட்டணம் கட்டும் நாளிலேயே, வேண்டாததை அழித்துவிடுங்கள். அந்தப் பேச்சுகளில் உங்கள் ஆதார் எண், கணக்கு எண், வீட்டு விஷயம் எல்லாம் இருக்கும். போனை சர்வீஸுக்குக் கொடுக்கும் நாளில் அது இன்னொருவர் கையில்.

பணம், வாக்குறுதி, மிரட்டல் சம்பந்தப்பட்டதை வைத்துக்கொள்ளுங்கள். அசல் ஃபைலின் பெயரை மாற்றாதீர்கள், வெட்டாதீர்கள். ஒரு நகல் எடுத்துக் கணினியிலோ பென் டிரைவிலோ வைத்து, அதற்கு மட்டும் "2025-03-14 வாட்டர்ப்ரூஃபிங்" என்பதுபோலத் தேதி முன்னால் வரும்படி பெயரிடுங்கள். தேதி வரிசையில் தானாக அடுக்கி நிற்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு மின்னணுப் பதிவுகளைப் பற்றியது. நகலைக் கொடுத்தால் கூடவே சான்றிதழும் வேண்டும். வழக்கு வரை போகும் என்று தோன்றினால் பதிவான போனையே பத்திரமாக வைத்து, வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. நம் குடியிருப்பில் ஒரு அம்மா, அவர் அனுமதியோடு சொல்கிறேன், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க இருந்தார். கொடுக்கும் முன் ஃபோல்டரைத் திறந்து பார்த்தோம். காலமான அவர் கணவரின் குரல் பதினொரு அழைப்புகளில் இருந்தது. ஒன்றில், "முருங்கைக்காய் நல்லா இருக்கு, வாங்கட்டுமா?" என்கிறார். நாற்பது வினாடிகூட இல்லை. அந்த அம்மா மூன்று முறை போடச் சொன்னார். அன்று ரீசெட் செய்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். பழைய போனைக் கைமாற்றும் முன் முதலில் நகல், பிறகு சோதித்துக் கேட்பது, அதன் பின்தான் ரீசெட். மெமரி கார்டை வெளியே எடுக்கவும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, நமக்குள் பேச வேண்டிய ஒரு விஷயம்.

பார்க்கிங் தகராறு, தண்ணீர்த் தகராறு வரும்போது, ஒருவர் போனில் பேசியதை அரை நிமிடம் வெட்டிக் குழுவில் போட்டுவிடுகிறோம். முன்னால் என்ன கேட்டோம், பின்னால் அவர் என்ன சொன்னார் என்பது அதில் இருக்காது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு விவாகரத்து வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிந்த பேச்சையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் சொன்னது. நீதிபதி முன் வைப்பது வேறு, எல்லா வீட்டுக்காரர்களும் இருக்கும் குழுவில் போடுவது வேறு. புகார் இருந்தால் முழுப் பதிவோடு நிர்வாகக் குழுவிடம் வாருங்கள். உட்கார்ந்து கேட்போம்.

பதிவு செய்வதையும் சொல்லிவிட்டே செய்யலாம். "சார், மறந்துடக் கூடாதுன்னு ரெக்கார்டு பண்ணிக்கிறேன்" என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிப் பாருங்கள். தொகையும் தேதியும் கொஞ்சம் நிதானமாக, தெளிவாகவே வரும். பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் சொன்ன பத்து வினாடிச் சோதனையை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனிலும் செய்து, ஃபோல்டரின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். முடியாதவர்கள் போனோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.